கொல்லை மாமரமும் மீசைக்கார வண்டும்

பாபநாசத்தில் அந்த வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரத்துக்கும் அந்த வீட்டு மகளுக்கும் ஒரே வயது. மகள் பிறந்த வருஷம் அப்பா நட்ட கன்று அது. இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மகள் சென்னையில் இருக்கிறாள்.

இந்த வருஷம் ஒரு பெரிய கிளை இலை உதிர்ந்து காய்ந்தது. அடிமரத்தில் ஓட்டைகள், கீழே மரத்தூள். "கரையான்தான்" என்று முடிவு கட்டி, வேரில் மருந்து ஊற்றினார். பலனில்லை. விறகுக்குக் கொடுத்துவிடலாம் என்று விலைகூடப் பேசிவிட்டார்.

லீவுக்கு வந்த பேத்தி வேளாண்மை படிக்கிறவள். "தாத்தா, கரையான்னா மண்ணு ஏறியிருக்கும். இது தூளா கொட்டுது, பிசின் வழியுது. உள்ளே புழு இருக்கு" என்றாள்.

"தென்னையில வருமே, காண்டாமிருக வண்டு, அதுவா?"

"இல்லை தாத்தா. தென்னையில வண்டுதான் குருத்தைக் குடையும். அதோட புழு எருக்குழியில கிடக்கும். இங்கே தலைகீழ். வண்டு பட்டையைக் கீறி முட்டை வெச்சிட்டுப் போயிடும். புழுதான் மாசக்கணக்கா உள்ளேயே இருந்து மரத்தைத் தின்னும்."

உடம்பு நீளத்துக்கு மீசை வளர்ந்த வண்டுக் குடும்பம் அது. ஆளுக்கு ஒரு வழி. மாமர வண்டின் புழு தண்டைக் குடையும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியைத் தாக்குவது, அடிமரத்தின் பட்டைக்குள் புகுந்து வேர்வரை இறங்கும். பிசின் வடிந்து இலை மஞ்சளாகும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஏற்காடு மலையில் காபிச் செடியைத் துளைப்பது, கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட சின்ன வண்டு. அராபிகா காபிதான் அதற்குப் பிடிக்கும். வெயில் படும் செடியாகத் தேடி முட்டையிடும். அதனால்தான் அங்கே நிழல் மரங்களைக் காப்பாற்றுகிறார்கள்.

பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியை வளைத்து ஓட்டைக்குள் விட்டாள் பேத்தி. விரல் பருமனில் மூன்று வெள்ளைப் புழுக்கள் வந்தன. வேளாண் அலுவலகத்தில் கேட்டு வாங்கிய மருந்தைப் பஞ்சில் நனைத்து உள்ளே செருகி, களிமண்ணால் அடைத்தார்கள். காய்ந்த கிளையை வெட்டி எரித்தார்கள். அதற்குள்ளும் புழு இருக்கலாமே!

பிறகு தினமும் காலையில் அவர் மரத்தடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். ஒரு மாதமாகப் புதுத் தூள் இல்லை. விறகு வியாபாரிக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி மகள் கேட்டாள்: "மரத்தை வெட்டியாச்சாப்பா?"

"ஒரு கிளைதாம்மா போச்சு. மரம் இருக்கு."