படிக்கட்டும் வீட்டின் மூச்சும்

மலைநாட்டின் பழைய பலகைத் தள வீடுகளில் வாழ்வோர், தம் காலடியில் என்ன இருக்கிறதென்று எண்ணிப் பார்ப்பது அரிது. பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டங்கள். சட்டங்களைத் தாங்கும் குட்டைச் சுவர்கள். அவற்றினிடையே இருள் சூழ்ந்த வெற்றிடம். வெளிச்சுவரின் அடியில் இரும்புக் கிராதி பொருத்திய சிறு துளைகள் சில தென்படும். வீடு மூச்சு விடுவது அத்துளைகளின் வழியேதான்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்குமேல் உயர்ந்த ஊர். மழையும் மூடுபனியும் அங்கே நெடுநாள் தங்கும். நிலத்து ஈரம் ஓயாது மேலெழும். காற்று ஒரு பக்கத் துளையால் நுழைந்து எதிர்ப்பக்கத் துளையால் வெளியேறிக்கொண்டிருந்தால், அந்த ஈரமும் உடன் போய்விடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் நிற்கும்வரை, அதனை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் வளர்வதரிது. ஒரு பக்கத்தை அடைத்துவிட்டாலோ, மறுபக்கம் திறந்திருந்தும் பயன் சொற்பமே. புகுந்த காற்றுக்குப் போக்கிடம் வேண்டுமன்றோ? நம் நாட்டில் நெற்களஞ்சியத்தைக் கற்களின்மேல் உயர்த்தி நிறுத்திய முன்னோர் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தனர்.

எங்கள் வீட்டில் இது ஒரு வழக்காகவே வந்து நின்றது. பின்வாசலில் கருங்கற்படிகள் மூன்று. ஒவ்வொன்றும் 10 அங்குல உயரம். எண்பதைக் கடந்த என் தாயார், முழங்கால் நோவினால் கொல்லைப்புறம் இறங்குவதையே விட்டுவிட்டார். தம் கையால் நட்ட லீக்ஸ் பாத்தியைச் சமையலறை யன்னல் வழியே பார்த்தபடி நிற்பார். "எனக்காகக் காசைக் கரைக்காதே தம்பி, நான் உள்ளேயே இருந்துவிட்டுப் போகிறேன்" என்றார் ஒருநாள். அதற்குப் பின்னும் வாளாவிருக்க என் மனம் இடந்தரவில்லை.

மேசன் அனுபவசாலி. அகலமான படிக்கட்டைச் சுவரோடு ஒட்டிக் கட்டி, உள்ளே கல்லும் மண்ணும் நிரப்பிச் சீமெந்து பூசினால் நூறாண்டு நிற்கும் என்றார்.

"படி நிற்கும் மேசனார், வீடு நிற்குமா?" என்று கேட்டேன்.

படி எழவேண்டிய இடத்தில் இரண்டு துளைகள் இருந்தன. மேலும், சுவரை அணைத்து உயரும் மண் சுவருக்கு ஈரம் ஊட்டும். கறையானுக்கு மறைவான பாதையுமாகும். அயல் வீடொன்றில் சீமெந்துத் திண்ணை துளைகளை மூடிய சில ஆண்டுகளில், அலுமாரி நின்ற இடத்துப் பலகை திடீரென அமிழ்ந்துபோனதை அவரும் கண்டவர். சற்று யோசித்தபின், "அப்படியானால் பாலம்போலக் கட்டுவோம் ஐயா" என்றார்.

அவ்வாறே செய்தோம். வீட்டுச் சுவரிலிருந்து 2 அங்குலம் விலக்கி, தனி அத்திவாரத்தில் இரு பக்கச் சுவர்களை எழுப்பினோம். அவற்றின்மேல் கம்பி கட்டிய கொங்கிறீற்றுப் படிகள் அமைந்தன, உள்ளே வெறுமை. பக்கச் சுவர்களில், மறைந்த துளைகளின் மொத்தப் பரப்பைவிடப் பெரிய திறப்புகள் வைத்து, எலி புகாதபடி கம்பிவலை பொருத்தினோம். உள்நிலத்தை வெளிநோக்கிச் சரித்ததால் நீர் தேங்க வழியில்லை. மேல்தட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நீக்கலை மடித்த நாகத்தகடு ஒன்று மூடிநின்றது. மழைநீரும் இறங்காது, ஊன்றுகோலும் சிக்காது.

தளத்தின் உயரம் 31 அங்குலம். ஆகவே 6 அங்குல ஏற்றங்கள் ஐந்து. மேல்தட்டு வாசலைவிட 1 அங்குலம் தாழ்வு. மிதியின் அகலம் 12 அங்குலம். ஏற்றத்தின் இருமடங்கையும் மிதியின் அகலத்தையும் கூட்டினால், அது மனிதனின் ஓர் எட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பது பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளொண்டெல் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி. இக்காலத்தில் 24, 25 அங்குலம் ஏற்றதெனக் கொள்வர். எல்லா ஏற்றங்களும் ஒரே அளவாதல் இன்றியமையாதது. ஒன்று பிசகினாலும் முதியவர் கால் தடுமாறும். மிதிகளுக்குச் சிறிது வெளிச்சரிவும், ஒரு பக்கம் கைப்பிடியும் அமைத்தோம்.

செலவும் சில நாள் வேலையும் கூடின என்பது மெய். ஆயினும் தாயார் மறுவாரமே கைப்பிடியைப் பற்றிப் பாத்திக்கு இறங்கினார். பலகையும் உலர்ந்தே இருக்கிறது.

இத்தகைய வீட்டில் வாழும் நேயர்கள், மழை ஓய்ந்த ஒருநாளில் வீட்டை ஒருமுறை சுற்றிவந்து சுவரடியைப் பார்ப்பது நன்று. அத்துளைகளின் முன் விறகை அடுக்கியிருக்கலாம், பூச்சாடியை வைத்திருக்கலாம், பாத்தி மண் மெல்ல உயர்ந்து மூடியிருக்கலாம். அவற்றை அகற்ற அரைநாள் போதும். உளுத்த சட்டங்களை மாற்றுவதற்கோ, வீட்டுத் தளம் முழுவதையுமே பெயர்க்க நேரும்.