புகை போகும் வழி

அவிநாசி சாலையை விட்டு கருமத்தம்பட்டியில் சோமனூர் பக்கம் திரும்பினால் தறிச் சத்தம் கூடவே வரும். விசைத்தறிக் கூடங்கள், தறிக்கு உதிரிபாகம் கடைந்து தரும் லேத்துகள், நடுவே தகரக் கூரை போட்ட ஒரு வெல்டிங் பட்டறை. லாரிக்கும் டிராக்டருக்கும் சைலன்சர் ஒட்டிக் கொடுத்துப் பழகிய இடம் அது. நான் போன அன்று, பொறியியல் மாணவர்கள் கட்டும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்று சக்கரங்கள் இல்லாமல் ஸ்டாண்டின் மேல் நின்றது. அதற்கு எக்சாஸ்ட் குழாய் போடுவதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

"பேரெல்லாம் வேண்டாங்க, வேலையப் பத்தி எழுதுங்க" என்றார் பட்டறைக்காரர். அறுபதை ஒட்டிய வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எஸ்எஸ் 304 என்ற துருப்பிடிக்காத எஃகுக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். அந்தக் காலத்தில் குழாயை வளைக்க ஆற்று மணலை இறுக அடைத்து, இரு முனையையும் மூடி, கேஸ் டார்ச்சில் சிவக்கச் சுட்டு வளைப்பார்களாம். மணல் இல்லாவிட்டால் வளைவில் குழாய் நசுங்கிவிடும். இப்போது குழாயை ஆப்பு ஆப்பாக அறுத்து, துண்டுகளைக் கோணம் பார்த்துச் சேர்த்து, ஆங்காங்கே புள்ளி புள்ளியாக டேக் அடித்து, பிறகு ஆர்கான் வெல்டிங் வைக்கிறார். வெளியே ஆர்கான் போவது போதாதென்று குழாயின் உள்ளேயும் ஆர்கானை நிரப்புகிறார். இல்லையென்றால் வெல்டின் உட்புறம் காற்றுப் பட்டுக் கருகி, சொரசொரப்பாகிவிடும். புகை அந்த இடத்தில் தடுமாறும்.

அந்தத் தடுமாற்றம் ஏன் முக்கியம் என்பதை அணியில் இன்ஜினைக் கவனிக்கும் மாணவி விளக்கினார். எக்சாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. திறந்த முனையை எட்டியதும் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்து, புதுக் கலவை உள்ளே வர இடம் செய்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழலும்போது ஒரு சுற்றுக்கு ஆவது ஒரு நொடியில் 150இல் ஒரு பங்கு. ஆகவே குழாயின் நீளம் சில அங்குலம் மாறினாலும் அலை நேரம் தவறி வந்துவிடும். காற்று உள்ளே போகும் வழியை மாணவர் போட்டியின் விதி 20 மி.மீ. அளவுக்குச் சுருக்கியிருப்பதால், கிடைக்கும் காற்றை வீணாக்க மாணவர்களுக்கு மனம் வராது.

இன்ஜினைக் கவனிக்கும் மாணவிக்கு நீளமான குழாய் வேண்டும். காற்றியக்கத்தைக் கவனிக்கும் மாணவருக்கோ குழாய் ஓடும் அதே இடம் வேண்டும். காரின் அடித்தளம் பின்னால் மேல்நோக்கி விரியும் பகுதியான டிஃப்யூசருக்கும் பின் இறக்கைக்கும் காற்று தடையின்றி வந்தால்தான் கார் தரையை அழுத்திப் பிடிக்கும். இறக்கையின் அடிப்பக்கம் சூடான புகை அடித்தால் ஓட்டமும் குலையும், ஃபைபரைப் பிடித்திருக்கும் ரெசினும் இளகும். குழாயின் வாய் பின் அச்சுக்கு 45 செ.மீ.க்கு மேல் பின்னால் போகக்கூடாது, தரையிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் உயரக்கூடாது, சத்தம் 110 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது விதி. இத்தனைக்கும் நடுவில் கணினியில் ஒரு வழி கண்டுபிடித்துப் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார்கள்.

பட்டறைக்காரர் படத்தைப் பார்த்தார். காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். "தம்பி, ரெண்டு பக்கமும் இறுக்கிப் போட்டுட்டா சூடேறினதும் எங்க போய் நீளும்? வெல்டு வாயைப் பொளந்துரும். ஒரு பக்கம் நழுவறதுக்கு எடம் உட்டு ஸ்பிரிங் போடோணும். அப்பறம் இந்த போல்ட்டுக்கு ஸ்பானர் போகாதுங்க."

இந்த எஃகில் ஒரு மீட்டர் குழாய் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 9 மி.மீ. நீளும். படத்தில் இருப்பது குளிர்ந்த குழாய். களத்தில் ஓடுவது கொதிக்கும் குழாய். பட்டறைக்காரர் வளைவை இன்ஜினுக்கு அருகிலேயே தொடங்கி, குழாயைப் பக்கவாட்டில் ஒதுக்கி, டிஃப்யூசருக்கு மேலே வாயைத் திருப்பினார். நீளம் குறையவில்லை, காற்றுக்கும் வழி கிடைத்தது. மாணவர்கள் இருவரும் குனிந்து அளந்துகொண்டே இருந்தார்கள்.

ஃபார்முலா ஒன்னில் பெரும் பணம் செலவிட்டவர்களும் இதே இடத்தில்தான் முட்டி மோதினார்கள். 1983இல் ரெனோவின் ஆர்இ40 கார், வெளியேறும் புகையை டிஃப்யூசருக்குள் செலுத்தியது. 2010இல் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியின் ரெட் புல் ஆர்பி6 அந்த யோசனைக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. வரப்பு போட்டு வயலில் நீரைத் தேக்குவதுபோல, டிஃப்யூசரின் ஓரத்தில் வேகமாகப் பாயும் புகை, பின் டயர் பிதுக்கித் தள்ளும் காற்று உள்ளே நுழையாமல் மறித்தது. அடியில் அழுத்தம் குறைந்தது, கார் தரையோடு ஒட்டியது. ஆனால் வளைவில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகை குறையும். பிடிப்பு மிகவும் வேண்டிய நேரத்தில் பிடிப்பு விட்டுப்போகும். காலை எடுத்த பிறகும் இன்ஜின் புகையைத் தள்ளிக்கொண்டே இருக்கும்படி 2011இல் மென்பொருளை மாற்றினார்கள். 2012இல் விதி வந்து குழாயின் வாயை உடலின் மேற்பகுதிக்குத் தூக்கியது. 2014இல் நடுவில் ஒரே குழாய், பின்பக்கம் நோக்கி என்று கட்டுப்படுத்தினார்கள். அந்த 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டும் ஹெச்ஆர்டி அணிக்காகக் களத்தில் ஓட்டியவர் நம் கோவையின் நரேன் கார்த்திகேயன்.

நரேன் தொடங்கியது ஃபார்முலா மாருதியில். மாருதி 800 காரின் இன்ஜினை வைத்து, நம் ஊர்ப் பட்டறையால் செய்யக்கூடிய ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியவர் கோவை எஸ். கரிவரதன். பந்தயம் பணக்காரருக்கு மட்டும் என்றிருந்த காலத்தில் செலவைக் குறைத்துக் காட்டியவர். 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீடுவே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நான் பார்த்த கார் போய்ச் சேரப்போவதும் அங்கே நடக்கும் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டிக்குத்தான்.

கரிவரதனின் யோசனை நிலைத்ததற்கு அவர் திறமை மட்டும் காரணமில்லை. வார்ப்படம், லேத், பம்பு, தறி என்று இரும்போடு புழங்கிய ஒரு வட்டாரம் அவரைச் சுற்றி இருந்தது. அந்தக் கைகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அணியின் சட்டையில் பெயர் வருவது வரைந்தவருக்கு. குழாயைப் பிடித்து, சூட்டை எண்ணி, வழியைத் திருத்தியவருக்கு வருவது கூலி மட்டும். குழாயை எங்கே திருப்புவது என்று முடிவெடுக்கிறவர் காரை வடிவமைக்கிறவர்தான். கல்லூரிகள் தங்கள் வடிவமைப்பு அறிக்கையில் அந்தப் பெயரையும் எழுத வேண்டும். படம் முடிந்த பிறகு பட்டறைக்கு வருவதை விட்டு, படம் தொடங்கும்போதே மாணவர்களை அங்கே அனுப்ப வேண்டும்.

ஃபார்முலா பாரத் போட்டியில் மின்சாரக் கார்களுக்கும் தனிப் பிரிவு வந்துவிட்டது. அதில் புகைக் குழாயே கிடையாது. பட்டறைக்காரரிடம், அவருக்கு இனி வேலை இருக்குமா என்று கேட்டேன். "பேட்டரியும் கொதிக்குமுங்க. அந்தச் சூட்டுக் காத்து வெளிய போக வழி வேண்டாங்களா?" என்றார். வேண்டும். குளிர்ந்த காற்றை உள்ளே எடுத்து, சூடான காற்றை இறக்கைக்கு இடைஞ்சல் இல்லாமல் வெளியே விடும் கணக்கு அங்கேயும் அப்படியே இருக்கிறது. அதைக் கையால் போட்டுப் பழகியவர்கள் கருமத்தம்பட்டியில் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறை வந்து உட்கார வேண்டிய நேரம் இது.