அடியை விட்டுப் பறி

போன தை மாசம் அம்மாவைப் பல் செட் கட்டுவதற்காக ராமநாதபுரம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு கிண்ணத்தில் பொடியைக் கொட்டி, தண்ணீர் விட்டு வேகவேகமாகக் குழைத்து, தட்டில் அப்பி அம்மாவின் வாய்க்குள் வைத்து அழுத்தினார். சில நிமிஷத்தில் எடுத்தபோது களி ரப்பர் மாதிரி இறுகி, ஈறும் மிச்சப் பல்லும் அச்சாகப் பதிந்திருந்தன.

வெளியே வந்ததும் சொன்னேன். "உன் வாயில வெச்சது பாசியில எடுக்குற சாமான்மா. நம்ம கட்டக்கோரை இருக்குல்ல, அந்த ஜாதி."

அம்மா நின்றுவிட்டாள். "இருவத்தஞ்சு வருசம் அதைப் பறிச்சிருக்கேன். என்னத்துக்கு வாங்குறாங்கன்னு இன்னைக்குத்தான்டி தெரியுது."

எங்களுக்குப் பாம்பன் பக்கம். கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் எங்கள் ஊரில் நிறைய. பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவதுதான் தொழில். மரிக்கொழுந்துப் பாசிக்கு நல்ல விலை, அது அகர் எடுக்க. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பழுப்பு ரகம், விலை குறைவு. மணலில் காயப்போட்டு ஏஜெண்டிடம் எடை போட்டால், மதுரைப் பக்கத்து ஆலைகளுக்கு லாரி ஏறிவிடும். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

நான் கடல் உயிரியல் படிக்கப் போய்த்தான் கேட்டேன். இந்தப் பழுப்புப் பாசி செடியே இல்லை. பச்சைச் செடிகளுக்கும் இதற்கும் பரிணாமத்தில் வெகு தூரத்துச் சொந்தம்தான். பழுப்பு நிறம் ஃபியூகோசாந்தின் என்ற நிறமியால் வருவது. அதன் செல் சுவரில் இருப்பது ஆல்ஜினேட். அலை எந்தப் பக்கம் இழுத்தாலும் பாசி ஒடியாமல் வளைந்து கொடுப்பதற்கு அது முக்கியக் காரணம். 1881இல் ஸ்டான்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் அதைப் பிரித்தெடுத்தார். தண்ணீரில் கரைந்த ஆல்ஜினேட்டோடு கால்சியம் சேர்ந்தால் அதன் நீளச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து களி இறுகும். பல் டாக்டர் பொடியில் நடப்பது அதுதான். ஐஸ்கிரீமில், துணிக்கு அச்சடிக்கும் சாயத்தில், புண்ணுக்குக் கட்டும் பட்டையில் எல்லாம் இது இருக்கிறது.

படிப்பின் கடைசி வருஷம் என் ஆய்வு, கட்டக்கோரை பறித்த பிறகு எப்படித் திரும்ப வளர்கிறது என்பது. பாறையில் ஒரு மீட்டர் சதுரங்கள் குறித்தேன். சிலதில் பாறையைப் பிடித்திருக்கும் அடியோடு பறித்தேன். சிலதில் அடியை விட்டு மேலே மட்டும் அறுத்தேன். மாதாமாதம் முங்கி நீளம் அளந்தேன். அடி விட்ட இடத்தில் பாசி தழைத்தது. பிடுங்கிய இடம் பெரும்பாலும் மொட்டையாகவே கிடந்தது.

சந்தோஷமாக வந்து அம்மாவிடம் சொன்னேன். "அடியை விட்டுப் பறின்னு எங்காத்தா எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. இதுக்கா ஒரு வருசம் முங்குன?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சமாளித்தேன். "எத்தனை நாள்ல எவ்வளவு வளருதுன்னு கணக்கு வேணும்ல? அப்பதானே எப்பப் பறிக்கலாம்னு சொல்ல முடியும்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "தெரிஞ்சுதான் இருந்துச்சு. உன் காலேஜ் பீஸு கட்டுன வருசம் அடியோடதான் புடுங்குனேன். எடை நிக்கும்ல."

அந்தப் பதிலுக்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை. கிலோவுக்குக் காசு என்கிறபோது அடியும் எடைதான். அவளுக்குத் தெரியாமல் போனதால் பாறை மொட்டையாகவில்லை. நான் அளந்த மொட்டைப் பாறையில் என் பீஸும் கொஞ்சம் இருந்தது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அங்கே பாசி எடுப்பது குற்றமானது. ஒருமுறை அம்மாவைப் பையோடு பிடித்து, சாயங்காலம் வரை உட்காரவைத்திருந்தார்கள். கடலைக் காப்பாற்ற வேண்டியதுதான். பாசிக்குள்தான் மீன்குஞ்சும் இறாலும் ஒளிந்து வளர்கின்றன. ஆனால் காப்பாற்றும் பேச்சில் அந்தப் பெண்களுக்கு நாற்காலி போடவில்லை. அவர்களாகவே கூடித்தான், மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன் முட்டையிடும் காலத்தில் 45 நாள் ஓய்வு என்று விதி வைத்துக்கொண்டார்கள். 2015இல் சின்னப்பாலம் லட்சுமிக்கு அமெரிக்காவில் சீகாலஜி பரிசு கிடைத்தபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

ஆய்வுக் கட்டுரைகளில் கட்டக்கோரை பெரும்பாலும் சர்காசம் வைட்டியை என்ற பெயரில் வரும். மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் பெயரால் வைத்தது. படித்தபோது கோபம் வந்தது. பிறகு என் ஆய்வேட்டைப் புரட்டினேன். நன்றிப் பக்கத்தில் "உள்ளூர் மீனவப் பெண்களுக்கு" என்று எழுதியிருந்தேன். எந்தப் பாறையில் பாசி அடர்த்தி, எந்தக் காற்றில் இறங்கக் கூடாது என்று எனக்குக் காட்டிய ஐந்து பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. எழுதவேண்டாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது அம்மா கேட்டாள். "அந்த அச்சை என்னடி பண்ணுவாங்க?"

"மாவு ஊத்தி மாதிரி எடுத்துட்டுக் குப்பையில போட்டுருவாங்க."

"அம்புட்டுத்தானா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலம் வந்தது. கீழே கடல் பழுப்புத் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. "அதுக்குள்ள அங்க திரும்ப வளந்திருக்குமா?"

"அடியை விட்டிருந்தா வளந்திருக்கும்மா."

"ம்" என்றாள்.