பத்தியின் அகலமும் சொல்லின் நீளமும்

வடிவமைப்புக் கலை பயிலுங்கால், பதினாறு பக்க இதழொன்றை அமைக்கும் பணி நமக்கு இடப்பட்டது. பக்கத்தைக் கட்டங்களாகப் பகுக்கும் முறையைச் சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர் ஜோசப் முல்லர்-புரோக்மன் 1981இல் வெளியிட்ட நூலொன்று விரிவாக விளக்குகிறது. அம்முறையைத் தழுவி, 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாளில் இருபுறமும் 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டு, 6 மில்லிமீட்டர் இடைவெளியுடன் மூன்று பத்திகள் வகுத்தோம். ஒவ்வொன்றும் 56 மில்லிமீட்டர். ஆங்கிலக் கட்டுரை அதனுள் அழகாக அமர்ந்தது.

தமிழோ அமர மறுத்தது. 10 பாயிண்ட் எழுத்தில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்ததனால்’ என்னும் ஒரு சொல்லே ஏறத்தாழ ஒரு வரியை விழுங்கிற்று. வரிகளை இருபுறமும் சமன்செய்தபோது மற்றச் சொற்களுக்கிடையே பள்ளங்கள் தோன்றின. சொல்லைப் பிரிக்கலாமெனில், புள்ளியெழுத்து வரியின் தலையில் நிற்கலாகாது என்னும் மரபு குறுக்கே நின்றது.

நீண்ட சொற்களை நீக்கிவிடலாமே என்றனர் உடன் பயின்றோர். ஒப்படைக்க ஓரிரவே எஞ்சியிருந்தது. ஆயினும், எழுதியவர் தேர்ந்தெடுத்த சொல்லைத் தாளின் அகலத்திற்காக வெட்டும் உரிமையை நமக்கு யார் தந்தார்? பதினாறு பக்கங்களையும் கலைத்தோம். 87 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டே பத்திகள் வைத்தோம். பள்ளங்கள் பெரும்பாலும் மறைந்தன. சொற்கள் யாவும் பிழைத்தன.

பக்கத்தில் புதுமை குன்றியதென்று மதிப்பெண் குறைக்கப்பட்டது. கட்டுரையைப் படித்த முதியவரோ, பக்க அமைப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது, கட்டுரையின் கருத்தைப் பற்றியே நெடுநேரம் உரையாடினார். அன்பர்களே, நாம் வேண்டியதும் அதுவே.