தோற்றதற்காகக் கோபப்படும் உரிமை

கார்ல்டன் பெண்கள் அணி தோற்றால் எனக்குக் கோபம் வரும். வருத்தம், பரிதாபம் எதுவும் இல்லை, கோபம்தான். முன்வரிசையை ஏன் காலியாக விட்டார்கள், அந்தக் கோணத்திலிருந்து ஏன் கோலுக்கு உதைத்தார்கள், எதிரணியின் நடுக்கள ஆட்டக்காரரை ஏன் யாரும் ஒட்டிக்கொண்டு ஓடவில்லை என்று அடுத்த இரண்டு நாளும் பேசிக்கொண்டே இருப்பேன். நான் வாழும் மெல்பர்ன் நகரத்தில் ஆண்கள் அணியைப் பற்றி இப்படிப் பேசுவது வானிலையைப் பற்றிப் பேசுவது மாதிரி. ரயிலிலும் பேசுவார்கள், அலுவலகத்திலும் பேசுவார்கள். பெண்கள் அணியைப் பற்றி அதே தொனியில் பேசினால் மட்டும் ஒரு சங்கடமான அமைதி வரும். பிறகு யாராவது சொல்வார்கள்: "பாவம், அவங்க இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்."

அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்ல, கார்ல்டன் பெண்கள் அணியின் 2019ஆம் ஆண்டுப் பருவத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து நீள்வட்ட மைதானத்தில் ஆடப்படுவது. பந்தும் முட்டை வடிவம். கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியத்தான் கூடாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கக் கம்பங்களுக்குள் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. பந்தை வைத்திருப்பவரைத் தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே கட்டிப்பிடித்துத் தரையில் வீழ்த்தலாம், அதுதான் 'டேக்கிள்'. ஆஃப்சைடு கிடையாது. ஆகவே எல்லா ஆட்டக்காரர்களும் பந்து இருக்கும் இடத்துக்கே ஓடி வந்துவிடலாம். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் படித்த தமிழ்நாட்டுப் பள்ளியில் பெண்களுக்கு விளையாட்டு என்றால் த்ரோபால், டென்னிகாய்ட். நடுவே வலை. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். யார் உடலும் யார் உடலையும் தொட்டுவிடாத ஏற்பாடு. அதனால் முதன்முதலாக ஒரு பெண் இன்னொரு பெண்ணை ஓடிப் பிடித்து மண்ணில் சாய்ப்பதையும், விழுந்தவள் எழுந்து, வாயில் கிடந்த புல்லைத் துப்பிவிட்டு அடுத்த பந்துக்கு ஓடுவதையும் பார்த்தபோது, நான் பார்த்தது விளையாட்டை மட்டுமல்ல. பெண்ணுடல் மோதுவதற்கும் தாங்குவதற்கும் ஆனது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நான் இந்த ஆட்டத்தின் ரசிகை.

தேசிய அளவிலான பெண்கள் லீக் 2017 பிப்ரவரி 3 அன்று மெல்பர்னின் பிரின்சஸ் பார்க் மைதானத்தில் தொடங்கியது. கார்ல்டனும் காலிங்வுட்டும் மோதிய அந்த ஆட்டத்தைக் காண 24,500 பேருக்கு மேல் வந்தார்கள். அதற்கு மேல் இடமில்லை என்று கதவைப் பூட்டினார்கள். வெளியே நின்றவர்களிடம் லீக்கின் தலைமை நிர்வாகியே வந்து மன்னிப்புக் கேட்டார். கார்ல்டன் 46-11 என்று வென்றது. டார்சி வெஸ்சியோ நான்கு கோல் அடித்தார். பின்னாளில், 2021இல், ஆண் பெண் என்ற இருமைக்குள் அடங்காதவர் தான் என்று வெஸ்சியோ அறிவித்தார். அவரைப் பற்றி எழுத ஆங்கிலத்தில் பலர் தடுமாறினார்கள். எனக்குத் தமிழின் 'அவர்' போதுமாக இருந்தது.

தொடக்கம் அப்படி இருந்தும், 2018இல் கார்ல்டன் பெண்கள் அணி பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. அதே ஆண்டு ஆண்கள் அணியும் 22 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்று கடைசி இடத்தில் முடித்தது. இரண்டு அணிகளின் தோல்வியும் எப்படிப் பேசப்பட்டது என்று கவனித்தேன். ஆண்கள் தோற்றதும் பயிற்சியாளரைப் பற்றியும், இளம் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்த விதம் பற்றியும், தடுப்பு உத்தி பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பெண்கள் தோற்றதும், பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவருமா என்று கேட்டார்கள்.

2018 பருவத்தின் முதல் ஆட்டமும் கார்ல்டனுக்கும் காலிங்வுட்டுக்கும்தான். கோல் குறைவாகவே விழுந்தது. பந்தைச் சுற்றி எல்லோரும் குவிந்ததால் ஆட்டம் நெரிசலாக இருந்தது. உடனே லீக் நிர்வாகத்திடமிருந்து பயிற்சியாளர்களுக்கு ஒரு குறிப்பு போனது: முன்வரிசை ஆட்டக்காரர்களை முன்வரிசையிலேயே நிறுத்துங்கள், கோல் விழ வழி செய்யுங்கள் என்பது அதன் சாரம். ஆஃப்சைடு இல்லாத ஆட்டத்தில் நெரிசல் என்பது ஆண்களும் பல காலம் கையாண்ட உத்திதான். 2005இல் சிட்னி ஸ்வான்ஸ் ஆண்கள் அணி அப்படி இறுக்கமாக ஆடியபோது அன்றைய லீக் தலைமை நிர்வாகி வெளிப்படையாகவே கண்டித்தார். அந்த அணி அந்த ஆண்டுக் கோப்பையை வென்றது. இன்று அந்த ஆட்டத்தை ஒழுக்கத்துக்கும் தியாகத்துக்கும் உதாரணமாகச் சொல்கிறார்கள். ஆண்களையும் கண்டித்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஸ்வான்ஸ் அசிங்கமாக ஆடியதால் ஆண்கள் கால்பந்தே தேவையா என்று ஒருவரும் கேட்கவில்லை.

குறைந்த கோலுக்குக் காரணங்கள் உண்டு. அவை எதுவும் இயற்கை தந்தவை அல்ல. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு கால் பகுதி 20 நிமிடம். நின்றுபோகும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணி நேரத்தை எட்டும். 2019இல் பெண்களுக்கு அதைவிடக் குறைவு. ஆண்கள் உதைக்கக் கற்பது ஐந்து வயதில், அதன் பிறகு நிறுத்துவதே இல்லை. பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடிவிட்டு, பதின்ம வயதின் வாசலில் வெளியேற்றப்பட்டார்கள். 2003, 2004 வாக்கில் விக்டோரியாவில் மூன்று சிறுமிகள் இதை எதிர்த்து மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். பெண் பிள்ளைகளுக்கென்று தனி இளையோர் போட்டி உருவாக அந்த வழக்கு ஒரு காரணம். அந்த மூவரில் ஒருவரான பென்னி குலா-ரீட் பின்னர் காலிங்வுட் பெண்கள் அணியில் ஆடினார். அடிலெய்டு அணியின் எரின் பிலிப்ஸ், புகழ்பெற்ற கால்பந்து வீரரின் மகள். பதின்மூன்று வயது வாக்கில் ஆட இடமில்லாமல் கூடைப்பந்துக்குப் போனவர், ஒலிம்பிக் வரை சென்று, முப்பதைத் தாண்டிய பிறகுதான் தன் ஆட்டத்துக்குத் திரும்ப முடிந்தது. முதல் பருவத்தில் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த சம்பளம் 8,500 ஆஸ்திரேலிய டாலர். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. உதை தவறுகிறது என்றால், அதற்குள் தொலைந்துபோன இத்தனை ஆண்டுகள் இருக்கின்றன.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நான் விமர்சிக்க விரும்புகிறேன். காரணங்களைத் தெரிந்துகொள்வது ஒன்று, ஆட்டத்தை ஆட்டமாகப் பார்ப்பது இன்னொன்று. 2019 அதைத்தான் எனக்குக் கற்றுத் தந்தது.

அந்த ஆண்டு புதிய பயிற்சியாளராக டேனியல் ஹார்ஃபோர்ட் வந்தார். மேடி பிரெஸ்பாகிஸ் என்ற பதின்ம வயதுப் பெண் நடுக்களத்துக்கு வந்து, லீக்கின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதையும் வென்றார். அவரிடம் எனக்குப் பிடித்தது நெரிசலுக்குள் அவர் காட்டிய நிதானம். நான்கு பேர் மேலே விழும்போதும் தலையைத் தூக்கி, வெளியே நிற்கும் ஒருவரைத் தேடி, முஷ்டியால் பந்தை அனுப்புவார். முந்தைய ஆண்டு கண்ணை மூடிக்கொண்டு முன்னால் உதைத்த அணி, இப்போது பந்தை வெளியே எடுத்த பிறகு உதைக்கக் கற்றது. முன்னே டெய்லா ஹாரிஸ் இருந்தார். நீண்ட தூரம் உதைக்கவும், உயரத்தில் எழும்பிப் பந்தைப் பிடிக்கவும் தெரிந்தவர். அவர் ஒருவருக்காகவே எதிரணி இரண்டு பேரை ஒதுக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் வெஸ்சியோ போன்ற வேகமான ஆட்களுக்கு வழி கிடைத்தது.

அணிகள் பத்து, சுற்றுகள் ஏழு. அதையும் இரண்டு பிரிவாகப் பிரித்திருந்தார்கள். கார்ல்டன் 4 வெற்றி, 3 தோல்வியோடு தன் பிரிவில் முதலிடம். மற்றப் பிரிவில் 5 ஆட்டங்களை வென்ற நார்த் மெல்பர்ன் வெளியேறியது. எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று சொன்னவர்கள் உண்டு. அது நியாயமான விமர்சனம். ஏழே சுற்று கொண்ட பருவத்தின் கோணல் அது. ஆனால் அரையிறுதியில் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்றிருந்த ஃப்ரீமாண்டில் அணியை 36 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தினோம். அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது.

கடைசிச் சுற்றின்போதுதான் அந்தப் புகைப்படம் வந்தது. உதைத்த கால் தலைக்கு மேல் உயர்ந்திருக்க, ஹாரிஸ் காற்றில் நிற்கும் படம். இணையத்தில் அதன் கீழே ஆபாசக் கருத்துகள் குவிந்தன. வெளியிட்ட தொலைக்காட்சி நிறுவனம் முதலில் படத்தையே நீக்கியது. கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தில் அந்த உதைக்கு ஒரு சிலை வைத்தார்கள். ஆபாசம் பேசியவர்களுக்கும் சரி, சிலையை வாழ்த்தியவர்களுக்கும் சரி, அது ஒரு பெண்ணின் கால். நானோ அந்த உதையையே பார்த்தேன். ஊன்றிய பாதமும் தரையை விட்டு எழும்பியிருக்கிறது. முழு உடலும் பந்துக்குப் பின்னால் போயிருக்கிறது. அதனால்தான் பந்து அவ்வளவு தூரம் போகிறது.

2019 மார்ச் 31. அடிலெய்டு ஓவல் மைதானத்தில் இறுதி ஆட்டம். அனுமதி இலவசம். 53,034 பேர் வந்தார்கள். அடிலெய்டு 63, கார்ல்டன் 18. மறுநாள் வந்த செய்திகளில் கூட்டத்தின் எண்ணிக்கைதான் தலைப்பு. மூன்றாம் கால் பகுதியில் முழங்காலில் காயமடைந்த எரின் பிலிப்ஸைத் தூக்கிச் சென்றபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. கார்ல்டன் ஆட்டக்காரர்களும் அவரிடம் போனார்கள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் என் அணி 45 புள்ளியில் தோற்றிருந்தது. அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

கணக்கைப் பாருங்கள். அடிலெய்டின் 63 என்பது 10 கோல், 3 பிஹைண்ட். கார்ல்டனின் 18 என்பது 2 கோல், 6 பிஹைண்ட். புள்ளி விழுந்த முயற்சிகள் அவர்களுக்கு 13, எங்களுக்கு 8. வித்தியாசம் ஐந்து முயற்சிதான். ஆனால் அவர்கள் கம்பங்களுக்கு நேர் எதிரே வரும்வரை பொறுத்து, பந்தைக் கைமாற்றிப் பிறகு உதைத்தார்கள். நாங்கள் ஓரங்களிலிருந்து, அவசரத்தில், அழுத்தத்தில் உதைத்தோம். ஹாரிஸை நோக்கி உயரமாக அனுப்புவது என்ற ஒரே வழியை அவர்களின் தடுப்பு வரிசை படித்து வைத்திருந்தது. இரண்டாவது வழி எங்களிடம் இல்லை. அரையிறுதியில் ஃப்ரீமாண்டிலைத் திணறடித்த வேகமான கைமாற்று ஆட்டம் அன்று எங்கே போனது? இது என் கேள்வி. இந்தக் கேள்வியை ஒரு விருந்தில் கேட்டபோது, எனக்கு விதி தெரியாது என்று நினைத்து ஒருவர் பிஹைண்ட் என்றால் என்னவென்று விளக்கத் தொடங்கினார்.

பாராட்டு எப்போது அவமதிப்பாகிறது? எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் அது தரப்படும்போது. சமைக்கத் தெரியாத ஆண் தோசை சுட்டால் வீடே கொண்டாடும். நாற்பது வருடம் சுட்ட அம்மாவின் தோசை கருகினால் உடனே சொல்லிவிடுவோம். அம்மாவிடம் எதிர்பார்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். பெண்கள் அணியை அந்த ஆணின் தோசைபோலக் கொண்டாடுகிறார்கள். எதிர்பார்ப்பு இல்லாத இடத்துக்குப் பணமும் வராது, பயிற்சி நேரமும் வராது. 'வந்ததே பெரிது' என்பவர், இனி எதுவும் தர வேண்டியதில்லை என்றும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

அதன் பிறகு நடந்தவை எளிதாக இல்லை. 2020இல் பெருந்தொற்றால் பருவம் பாதியில் நின்று, கோப்பை யாருக்கும் இல்லாமல் போனது. நாங்கள் அப்போதும் போட்டியில் இருந்தோம். லீக் 18 அணிகளாக விரிந்தது. ஹாரிஸ் மெல்பர்ன் அணிக்குப் போய் 2022இல் கோப்பையும் வென்றார். பிரெஸ்பாகிஸ் எசண்டனுக்குப் போனார். 2023இல் பிரிஸ்பேனும் 2024இல் நார்த் மெல்பர்னும் கோப்பையைத் தூக்கியது எங்கள் பிரின்சஸ் பார்க்கில்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் அடுத்தடுத்து பிறர் கல்யாணம்.

கிளப்பிடம் எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வளர்த்தெடுத்த நடுக்கள ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்கு இழக்காதீர்கள். கோல் முன்னே உயரமான ஒருவரை மட்டும் நம்பாதீர்கள். நெரிசலிலிருந்து பந்தை எடுத்ததும் ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். ஓரத்திலிருந்து உதைப்பதை நிறுத்துங்கள். இவற்றைச் செய்துவிட்டும் தோற்றால் வேறு குறை கண்டுபிடிப்பேன், மைதானத்துக்கும் வருவேன்.