திரும்பிப் பார்க்காத மனிதன்

திங்கள், இரவு

திரை முழுக்க இருட்டு. காட்சி எதுவும் வருவதற்கு முன்பே செய்தி வாசிக்கும் குரல்கள் வந்துவிடுகின்றன. சியாட்டில் நகர முற்றுகைக்கு இன்று 1000-வது நாள். மசூதிகளை விட்டு ராணுவம் வெளியேற வேண்டும் என்று முஸ்லிம்கள் கோருகிறார்கள். பிரிட்டனின் எல்லைகள் எட்டு ஆண்டுகளாக மூடியிருக்கின்றன, இனியும் மூடியே இருக்கும். சட்டவிரோதமாகக் குடியேறியவர்களை நாடு கடத்துவது தொடரும். இவ்வளவும் சில நொடிகளில், வானிலை அறிக்கை போலக் கடந்து போய்விடுகிறது. அதன் பிறகுதான் தலைப்புச் செய்தி: உலகத்திலேயே வயதில் இளையவன் செத்துப்போனான்.

அல்ஃபோன்சோ குவாரோன் 2006-இல் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அண்ணன் மகள் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். கெட்டழிந்த எதிர்காலத்தைக் காட்டும் படம் ஒன்றின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் சமூகமும் ஆண் பெண்ணும் வீரமும் எப்படி வருகின்றன என்று கட்டுரை எழுத வேண்டுமாம். இந்தப் படத்தை எடுத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் எனக்கே சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காகவே இந்தக் குறிப்புகள்.

செத்தவன் பெயர் டியாகோ ரிக்கார்டோ. நாடு அர்ஜென்டினா. ‘பேபி டியாகோ’ என்று உலகம் கொஞ்சிய அவனுக்கு வயது 18 ஆண்டு, 4 மாதம், 20 நாள், 16 மணி, 8 நிமிடம். புவனஸ் அயர்ஸில் ஒரு மதுக்கடை வாசலில் ஆட்டோகிராஃப் கேட்ட ரசிகரின் முகத்தில் துப்பினான், தகராறு முற்றிக் குத்துப்பட்டான். குத்தியவரைக் கூட்டம் அங்கேயே அடித்துக் கொன்றுவிட்டது. மனித குலத்துக்குக் குழந்தை பிறந்தே 18 ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை யாரும் நமக்கு விளக்கிச் சொல்வதில்லை. ஒரு இளைஞனின் வயதை நிமிடம் வரைக்கும் எண்ணி வைத்திருக்கிறார்களே, அந்த எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது. பிறந்த நேரத்தை எல்லா மனிதர்களுக்கும் எழுதி வைத்திருப்பார்கள். உலகமே மனப்பாடமாக வைத்திருப்பது கடைசியாகப் பிறந்தவனுடையதை மட்டும்தான்.

செவ்வாய்

இருட்டு விலகியதும் முகங்கள். லண்டனில் ஒரு காபிக் கடைக்குள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம், எல்லோரும் மேலே மாட்டியிருக்கும் தொலைக்காட்சியை அண்ணாந்து பார்க்கிறார்கள். சிலர் அழுகிறார்கள். இந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தையும் இல்லை, யாருடைய இடுப்பிலும் இல்லை, யாருடைய கையையும் பிடித்துக்கொண்டு இல்லை. முதல் தடவை பார்க்கும்போது இது கண்ணில் படாது. தெரிந்துகொண்டு பார்த்தால் வேறெதுவும் கண்ணில் படாது.

இந்தக் கண்ணீரைப் பற்றி நிறைய யோசித்தேன். இவர்களில் யாருக்கும் டியாகோவைத் தெரியாது. அவனுக்காக உலகமே அழுகிறது. அதே செய்தியறிக்கையில் இரண்டு வரி முன்னால் வந்த நாடுகடத்தலுக்கு அழ ஒருவரும் இல்லை. சற்று நேரத்தில் ரயில் நிலையத்தில் கூண்டுக்குள் அடைத்த அகதிகளைப் பார்ப்போம். அங்கே ஒரு மூதாட்டி தன் மொழியில் முறையிட்டுக்கொண்டே இருப்பாள், நடந்து போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். துக்கத்துக்குக்கூட எல்லை போட்டு வேலி கட்டிவிட்ட சமூகம் இது. படம் அதைக் கண்டித்து வசனம் பேசுவதில்லை. செய்தியின் வரிசையில் வைத்துவிட்டு நகர்கிறது. அதனால்தான் அது இவ்வளவு நாள் கழித்தும் என்னைக் குத்துகிறது.

கடைக்கு வெளியே ஃப்ளீட் ஸ்ட்ரீட். பிரிட்டனின் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாக அச்சாகிக் கிளம்பிய தெரு. திரையில் தேதி வருகிறது: 2027 நவம்பர் 16. படம் எடுத்தபோது அது இருபத்தோரு ஆண்டுகள் தள்ளியிருந்த எதிர்காலம். பறக்கும் கார்கள் இல்லை. அழுக்கேறிய பேருந்துகள், புகை, விளம்பரப் பலகைகள், நடுவே நம் ஊர் ஆட்டோ மாதிரியான வண்டிகள். 1982-இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கு நேரெதிரான ஒன்றைத்தான் தான் எடுக்க நினைத்ததாகக் குவாரோன் சொல்லியிருக்கிறார். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், இருப்பதையே பழசாக்கி வைத்திருக்கிறார். அடுத்த தலைமுறை இல்லாதபோது எதற்குப் புதுப் பேருந்து வாங்க வேண்டும், யாருக்காகச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும்? பிள்ளைகள் இல்லாத உலகம் எப்படியிருக்கும் என்பதற்கு அந்தத் தெருவின் அழுக்கை விடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் இதே நகரத்தின் நடுத்தெருவில், அந்தக் காபிக் கடை குண்டு வெடித்துச் சிதறும் காட்சியைப் படம் பிடித்தார்கள். அந்த வழியே நடந்து போயிருக்கக்கூடிய லண்டன்வாசிகளுக்கு அது எதிர்காலக் கதையாகத் தெரிந்திருக்காது.

புதன், பின்னிரவு

இன்று படத்தின் நாயகன் தியோவை மட்டும் பார்த்தேன்.

நம் படங்களில் நாயகன் வரும்போது கூட்டம் வழிவிடும். முதலில் கால், பிறகு தோள், பிறகு முகம் என்று அவனை ஏற்றிக்கொண்டே போவார்கள். கைதட்டுவதற்கு இடம்விட்டு வெட்டியிருப்பார்கள். அப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தியோவாக நடிக்கும் கிளைவ் ஓவனின் வருகை விசித்திரமானது. தியோ கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வருகிறான். ஒருவரும் அவனைப் பார்ப்பதில்லை. எல்லோருடைய பார்வையும் அவன் தலைக்கு மேலே இருக்கிற திரையில். பால் இல்லாத காபி ஒன்று வாங்குகிறான், தொலைக்காட்சியை ஒரு கணம் ஏறிட்டுப் பார்க்கிறான், வெளியேறுகிறான். உலகத்தின் கடைசிப் பிள்ளைக்காக அந்த அறையே துக்கத்தில் நிற்கும்போது கலங்காத ஒரே ஆள் அவன்தான்.

ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லூபெஸ்கியின் கேமரா கையில் தூக்கிய நிலையில் கடைக்குள்ளிருந்து தெருவுக்கு அவன் பின்னாலேயே வருகிறது, இடையில் வெட்டே இல்லை. தியோ நாலு எட்டு நடந்து ஓரமாக நிற்கிறான். காபிக் கோப்பையைத் திறந்து, பையிலிருந்த மதுவை அதில் ஊற்றுகிறான். காலை நேரம். கேமரா அவனைச் சுற்றி வந்து, அவனுக்கு அப்பால் அவன் கிளம்பி வந்த கடையையும் சேர்த்துக் காட்டுகிற இடத்துக்கு வரும்போது, கடை வெடித்துச் சிதறுகிறது.

இங்கேதான் குவாரோன் தன் கதாநாயகன் யார் என்று சொல்கிறார் என்று நினைக்கிறேன். தியோ உயிர்பிழைத்தது வீரத்தால் இல்லை, திறமையால் இல்லை, விதியென்றும் சொல்ல முடியாது. மற்றவர்களோடு நின்று துக்கப்பட மனம் இல்லாததால் பிழைத்தான். அழுதவர்கள் உள்ளே இருந்தார்கள். எதன்மீதும் ஒட்டாமல் இருப்பதுதான் இந்த உலகத்தில் உயிர்வாழும் வழி என்ற பாடத்தைப் படம் முதல் இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிட்டு, மீதியிருக்கும் நேரம் முழுக்க அந்தப் பாடத்தைப் பொய்யாக்குவதற்கு உழைக்கிறது. தியோவும் ஜூலியனும் பெற்ற மகன் டிலன் 2008-இல் பரவிய காய்ச்சலில் போய்விட்டான் என்பது பிறகு தெரிய வரும். அழாதவன் ஏற்கெனவே அழுது முடித்தவன்.

வெடித்த கணத்தில் அவன் உடம்பைக் குறுக்கிக்கொள்கிறான். கேமரா அவனோடு நிற்பதில்லை. அவனை விட்டுவிட்டுப் புகையை நோக்கி ஓடுகிறது. புகைக்குள்ளிருந்து ஒரு பெண் தள்ளாடி வருகிறாள், அறுந்து விழுந்த தன் ஒரு கையை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு. காதில் ‘ஙொய்’ என்று ஒரு ரீங்காரம். திரை கறுத்து, படத்தின் பெயர்.

நாயகன் போகாத இடத்துக்குக் கேமரா போகிறது. இதை நான் படத்தின் உயிராக எண்ணுகிறேன். போகாதவன் போகிறவனாக மாற இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். படம் முழுக்க அவன் கையில் துப்பாக்கி வராது. பாதிக் கதைக்கு ரப்பர் செருப்போடு ஓடுவான். பெக்ஸ்ஹில் அகதி முகாமில் ஒரு குளிர்ந்த அறையில் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கருவுற்ற முதல் பெண் கீ பிரசவ வேதனையில் துடிக்கும்போது பக்கத்தில் அவனைத் தவிர யாரும் இல்லை. மருத்துவச்சி மிரியமைச் சிப்பாய்கள் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளையை ஏந்த வேண்டிய கைகளை அவன் மதுவை ஊற்றித்தான் கழுவுகிறான். முதல் காட்சியில் உலகத்தை மறக்க உதவியது அது.

‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படத்தையும் அண்ணன் மகள் பார்க்கட்டும். ஜார்ஜ் மில்லர், 2015. அங்கேயும் நாயகன் நமக்கு முதுகைக் காட்டித்தான் அறிமுகமாகிறான், காப்பாற்ற முடியாமல் போன ஒரு குழந்தையின் குரல் அவன் மண்டைக்குள் கேட்கிறது. சற்று நேரத்தில் பிடிபட்டு, முதுகில் பச்சை குத்தப்பட்டு, மற்றவர்களுக்கு ரத்தம் கொடுக்கும் பையாகிவிடுகிறான். வண்டியை ஓட்டுகிறவள் ஃப்யூரியோசா. அந்தப் படம் நாயகனின் இடத்தைத் தைரியமாகப் பெண்ணுக்கு மாற்றிக் கொடுக்கிறது. குவாரோன் அதைச் செய்யவில்லை. இவர் அந்த இடத்தையே வேறொன்றாக ஆக்கப் பார்க்கிறார்.

வெள்ளி

காது ரீங்காரத்தைப் பற்றிச் சொல்ல மறக்கக் கூடாது. ஜூலியன் பிறகு தியோவிடம் சொல்கிறாள்: காதுக்குள் இருக்கும் செல்கள் சாகும்போது எழுப்பும் ஓசை அது, அடங்கிவிட்டால் அந்த ஒலியை இனி ஒருபோதும் கேட்க முடியாது, இருக்கும்வரை கேட்டுக்கொள். பிள்ளைகளின் சத்தம் நின்றுபோன உலகத்துக்கும் இதுதானே நடந்தது. படம் இதை ஒரு பெண்ணின் வாயால், போகிற போக்கில், சொல்ல வைக்கிறது.

பெண்களைப் பற்றி இன்று நேராக எழுத வேண்டும். இதில் எனக்குப் படத்தோடு சண்டை உண்டு.

மூலக்கதை பி. டி. ஜேம்ஸ் 1992-இல் எழுதிய நாவல். அதுவும் நாட்குறிப்பாகத் தொடங்குகிறது. தியோ ஃபேரன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் 2021 ஜனவரி முதல் தேதியன்று எழுதும் பக்கம் அது. கடைசியாகப் பிறந்தவன் இறந்த செய்தி அங்கேயும் வருகிறது. ஆனால் நாவலில் மலட்டுத்தன்மை ஆண்களுடையது. விந்தில் உயிர் அற்றுப்போகிறது, அரசாங்கம் ஆண்களைச் சோதனைக்கு அழைக்கிறது, பெண்களையும் விடாமல் பரிசோதிக்கிறது. பெண்கள் பொம்மைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவில் உலாவுகிறார்கள், பூனைக்குட்டிகளுக்கு ஞானஸ்நானம் செய்விக்கிறார்கள். நாவலில் கரு உண்டாகிறவள் ஜூலியன், குறைபாட்டோடு பிறந்த கையுடையவள். ஊனமுற்றவர்கள் பிள்ளை பெறத் தகுதியற்றவர்கள் என்று அரசு சோதனையிலிருந்தே ஒதுக்கி வைத்திருந்தது. ஒதுக்கியவர்களிடமிருந்துதான் உயிர் வருகிறது. ஒரு பெண் எழுதிய கடுமையான நியாயம் அது.

படம் அந்தக் குறையைப் பெண்கள் பக்கம் நகர்த்திவிட்டது. பிள்ளை இல்லாவிட்டால் பெண்ணின் வயிற்றையே குற்றம் சொல்லும் பழக்கம் எல்லா நாட்டிலும் பழையது. அதைத் தலைகீழாக்கிய ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி நேராக்கி வைத்ததற்குச் சரியான காரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனாலும் படம் வேறொன்றைச் செய்கிறது. கைவிடப்பட்ட பள்ளிக்கூடம் ஒன்றில் மிரியம் தன் கதையைச் சொல்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டு ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் மருத்துவச்சியாக இருந்தாள். ஒரு வாரத்தில் மூன்று பேருக்குக் கரு கலைந்தது. அடுத்த வாரம் ஐந்து. பிறகு ஒரு நாள், யாருக்கோ அடுத்த பரிசோதனைக்குத் தேதி எழுதும்போது பார்க்கிறாள், ஏழு மாதம் தள்ளியுள்ள பக்கத்தில் ஒரு பெயரும் இல்லை. வேறொரு மருத்துவமனையில் இருக்கும் தோழிக்குப் போன் செய்கிறாள். அங்கேயும் இல்லை. தோழி சிட்னியில் இருக்கும் தன் சகோதரிக்குப் போன் செய்கிறாள். அங்கேயும் இல்லை.

உலகம் முடியப்போவதை முதலில் அறிந்தது செய்தி அறைகள் அல்ல, பிரசவ வார்டில் பதிவேடு எழுதிய பெண்கள். ஒருத்தி இன்னொருத்திக்குப் போன் செய்து தெரிந்துகொண்டார்கள். முதல் காட்சியில் கேட்ட செய்தி அறிக்கை டியாகோவின் புகழ், கோபம், கொலை எல்லாம் சொன்னது. இந்தப் பதிவேட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மிரியம் பேசும்போது தியோ குறுக்கே பேசாமல் கேட்கிறான். முதல் காட்சியில் தொலைக்காட்சியை ஒரு கணம் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தவன் ஒருவர் சொல்வதை முழுதாகக் கேட்டு நிற்கிற இடம் இது. அவன் வீரம் இங்கேதான் பிறக்கிறது என்று எழுதச் சொல்வேன்.

ஞாயிறு

அண்ணன் மகள் வந்திருந்தாள். எழுதிய வரை படித்துக் காட்டினேன். கேமரா புகையை நோக்கிப் போகிறது என்று நான் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“போகுது அத்தை. ஆனா அவகிட்ட போய்ச் சேரறதில்லையே. சேர்றதுக்குள்ள டைட்டில் போட்டுடறாங்க. அடுத்த ஷாட்டுல தியோ ஆபீஸ்ல இருக்கான். அவளை யாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க? அவ பேரு என்ன? ஆம்பளைக்கு அதிர்ச்சி கொடுக்கறதுக்கு ஒரு பொம்பளையோட கையை எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதானே.”

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கீயைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டாள். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உலகத்தின் முதல் கர்ப்பிணி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கறுப்பின அகதிப் பெண். அவளைச் சுற்றியிருக்கிற எல்லோரும் அவளுக்காக முடிவெடுக்கிறார்கள், ஜூலியனும் அவளுடைய கிளர்ச்சிக் குழுவில் இருக்கும் லூக்கும் தியோவும். அவள் வயிறு கதையின் மையம், அவள் பேச்சு ஓரத்தில்.

நான் சொன்னேன்: கீ மாட்டுத் தொழுவத்தில் தன் வயிற்றைக் காட்ட யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்று பார். லூக்கை நம்பவில்லை, தியோவிடம் காட்டினாள். அந்தத் தேர்வு இல்லையென்றால் படத்தின் பிற்பாதியே இல்லை. அதோடு, உலகம் அழுத கடைசிப் பிள்ளை ஆண், கீக்குப் பிறந்தது பெண். ஆண் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்த தியோவை அவள்தான் திருத்துகிறாள்.

“சரி, அந்தப் பொண்ணுக்கும் தியோவோட பையன் பேரைத்தானே வைக்கிறா? டிலன்னு.”

அதை யாரும் அவளை வைக்கச் சொல்லவில்லை என்றேன். ஃப்ரோலி, பசூக்கா என்றெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், கடலில் படகில் இருக்கும்போது, கடைசியில் தானாகத்தான் அந்தப் பெயரைச் சொல்கிறாள். துடுப்புப் போடுகிறவனுக்கு அவள் கொடுப்பது அது. கொடுக்கிற இடத்தில் அவள் இருக்கிறாள்.

அண்ணன் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. கை அறுந்த பெண்ணிலிருந்துதான் கட்டுரையை ஆரம்பிக்கப்போகிறாளாம், தியோ இரண்டாம் பத்தியில் வந்தால் போதுமாம். அப்படியே எழுது என்றேன், ஆனால் மிரியத்தின் பதிவேட்டை விட்டுவிடாதே என்றும் சொன்னேன். ஜேம்ஸின் நாவலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டவள், அடுத்த வாரம் 1927-இல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ தொடக்கத்தைச் சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். அங்கே பணக்காரப் பிள்ளைகளின் தோட்டத்துக்குள் ஏழைக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு நுழைகிறவள் மரியா. நாயகன் அவளைப் பார்த்த பிறகுதான் நகரத்தின் அடித்தளத்துக்கு இறங்கிப் போகிறான். அதைப் பற்றியும் நாங்கள் சண்டை போட நிறைய இருக்கிறது.