நட்டு நிற்கும் இடம்

காலை 7 மணி. சிங்கப்பூர், ஜூரோங் தீவு. 7 தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து ஒன்றாக்கிய நிலம். சோதனைச் சாவடியைத் தாண்டி லாரிகள் வரிசையாக வருகின்றன. பின்தட்டில் ஆட்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெல்மெட் மடியில். பாதிப் பேர் தூக்கத்தில்.

இரும்புக் கன்டெய்னர்தான் ஸ்டோர். ஒரு சுவர் முழுக்க ஆணிகள். ஆணிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு ஸ்பேனர். எதிர்ச்சுவரை ஒட்டி மேசை. மேசைமேல் சார்ஜர்கள். இரவெல்லாம் அதில் கிடந்த பேட்டரிகள். எல்லா விளக்கும் பச்சை.

நோட்டில் கையெழுத்து. புதுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் 14-ஆம் ஆணியில் இருந்து ஸ்பேனரை எடுக்கிறார். பிடியில் கறுப்பு டேப். டேப்பில் நான்கு விரல்கள் பதிந்த பள்ளம். மணிக்கட்டில் பட்டை ஒன்று சுற்றியிருக்கிறது. அதன் வெல்க்ரோ தேய்ந்துவிட்டது.

இளைஞன் இம்பாக்ட் ரெஞ்சை எடுக்கிறான். இங்கே அதற்குப் பெயர் கன். 18 வோல்ட். பேட்டரியோடு இரண்டு கிலோ அளவு. அவன் இடுப்பிலும் ஒரு ஸ்பேனர் தொங்குகிறது. பெயின்ட் உரியாத ஸ்பேனர்.

இரண்டு கருவிக்கும் வாலில் கயிறு. மறுமுனை பெல்ட்டில்.

ஆலையின் நடுவே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடா. நாடாவுக்கு இந்தப் பக்கம் ஆலை ஓடுகிறது. பம்புகள் முனகுகின்றன. குழாய்களுக்குள் எரியும் சரக்கு. அந்தப் பக்கம் பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள். குழாய்கள் காலி. வால்வுகளில் பூட்டு. ஒருவர் வாயு மானியை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு மூலையாக நடக்கிறார். மானி சத்தம் போடவில்லை. பொறி பறக்கக்கூடிய வேலைக்கான அனுமதி, ஹாட் வொர்க் பெர்மிட், பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகிறது.

பேட்டரிக் கருவியின் மோட்டாரில் பொறி பறக்கலாம். அதனால் கன் அந்தப் பக்கம் மட்டும். இந்தப் பக்கம் ஸ்பேனர்.

சாரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 48.3 மில்லிமீட்டர் குழாய். 6 மீட்டர் நீளம், 21 கிலோ எடை. தோளில் வருகிறது, கை மாறி மேலே போகிறது. கிளாம்ப் வாளியில் போகிறது. சாரம் கட்டுவது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். கட்டுகிற கயிறு எங்கும் இல்லை. நட்டுதான் இருக்கிறது.

பெரியவர் 5 மீட்டர் உயரத்தில். பாதுகாப்பு வாரின் இரண்டு கொக்கிகளில் ஒன்று எப்போதும் மாட்டியே இருக்கிறது. நிற்கும் பைப்பில் கிளாம்பை வைக்கிறார். மூடியை மடக்குகிறார். நட்டை விரலால் இரண்டு சுற்று ஏற்றுகிறார். மரை பிடித்ததா என்று கட்டைவிரல் தடவிப் பார்க்கிறது. பிறகு ஸ்பேனர். ராட்செட் கரகரக்கிறது. நட்டு கனக்கிறது. கரகரப்பு நிற்கிறது. அவர் கால்களை அகட்டி, தோளைச் சாய்த்து, கடைசிக் கால் சுற்றை உடம்பால் இழுக்கிறார். நிறுத்துகிறார். உள்ளங்கையால் பைப்பை ஒரு தட்டு. அடுத்த நட்டு.

சூப்பர்வைசரின் தாளில், நட்டு நிற்கும் அந்த இடத்துக்கு ஓர் எண் இருக்கிறது. 50 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளமுள்ள பிடியின் முனையில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு. பெரியவரின் தோள் அவ்வளவுதான் சாய்கிறது.

நாடாவுக்கு அந்தப் பக்கம் இளைஞன். கிளாம்ப், மூடி, நட்டு, விரலால் ஒரு சுற்று. கன்னின் வாய் நட்டைக் கவ்வுகிறது. முதலில் சீரான சுழற்சி. நட்டு கனத்ததும் சத்தம் மாறுகிறது. உள்ளே சுத்தியல் சுழன்று சுழன்று அடிக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள். மூன்று எண்ணுவதற்குள் முடிகிறது. அடுத்தது. அதற்கு அடுத்தது. பெரியவர் நான்கு நட்டு முடிக்கும்போது இளைஞன் ஒரு தட்டு முழுவதும் முடித்து ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறான்.

அவனுக்குப் பக்கத்துப் படுக்கைப் பைப்பில் தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. கன் அடிக்கும்போதெல்லாம் தண்ணீரில் வளையங்கள். கன் நின்றால் வளையங்களும் நிற்கின்றன.

பத்தரை மணி. வெப்ப அழுத்த மானி 32 டிகிரி காட்டுகிறது. 32-ஐ எட்டினால் கடும் உழைப்புக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு. 2023 அக்டோபரில் இருந்து விதி. எல்லாரும் இறங்கி நிழலுக்கு வருகிறார்கள். கையுறைகள் கழல்கின்றன.

பெரியவர் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து மெல்லத் திருப்புகிறார். ஒரு சொடக்கு. இளைஞன் விரல்களை விரித்து மூடுகிறான். விரித்து உதறுகிறான். பாட்டில் மூடியைத் திறக்கப் பார்க்கிறான். மூடி வழுக்குகிறது. பெரியவர் கையை நீட்டி வாங்கித் திறந்து கொடுக்கிறார்.

“மரத்துப் போச்சா தம்பி?”

“கொஞ்சம்ணே.”

கன்டெய்னர் கதவில் ஒரு சுவரொட்டி. அதில் ஒரு கை. வருடக்கணக்கில் அதிர்வு வாங்கிய கை. விரல் நுனிகள் வெளுத்திருக்கின்றன. சுவரொட்டிக்குக் கீழே பேட்டரிகள் பச்சை விளக்கோடு காத்திருக்கின்றன.

மறுபடி மேலே. இந்தமுறை பெரியவர் கையில் துருவேறிய பழைய கிளாம்ப். நட்டு அசையவில்லை. எண்ணெய் விடுகிறார். காத்திருக்கிறார். ஸ்பேனரை மாட்டி இழுக்கிறார். மணிக்கட்டுப் பட்டை விரிகிறது. நட்டு அங்கேயே இருக்கிறது. கிளாம்போடு இறங்கி நாடாவரை நடக்கிறார். நாடாவைத் தாண்டவில்லை. கையை மட்டும் நீட்டுகிறார். இளைஞன் வாங்கி இரும்புப் பலகையில் வைத்து அழுத்திப் பிடிக்கிறான். கன் ஒருமுறை உறுமுகிறது. நட்டு துருவைத் தூளாக உதிர்த்துக்கொண்டு கழல்கிறது. கிளாம்ப் நாடாவுக்கு மேலாகத் திரும்பி வருகிறது.

மதியம் 3 மணி. சூப்பர்வைசர் வருகிறார். கையில் டார்க் ரெஞ்ச். 50-இல் வைத்திருக்கிறார். அந்த எண்ணை எட்டினால் ‘கிளிக்’ என்று சொல்லும்.

முதலில் ஸ்பேனர் பக்கம். காலையில் போட்ட நட்டுகள். கிளிக். கிளிக். கிளிக். கடைசியாகக் கட்டிய தட்டுக்கு வருகிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட நட்டுகள். ரெஞ்ச் கொஞ்சம் நகர்ந்த பிறகே கிளிக் கேட்கிறது. அடுத்ததும் நகர்கிறது. பெரியவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் அந்தத் தட்டின் முதல் கிளாம்புக்குப் போகிறார். ஸ்பேனரை மாட்டுகிறார்.

அடுத்து கன் பக்கம். எல்லாம் உடனே கிளிக். சூப்பர்வைசர் அத்தோடு விடவில்லை. 50-ஐ எட்டியதா என்றுதான் டார்க் ரெஞ்ச் சொல்லும். எவ்வளவு தாண்டியது என்று சொல்லாது. அவர் குனிந்து ஒரு கிளாம்பின் மூடியைப் பார்க்கிறார். விளிம்பு வளைந்திருக்கிறது. அதைக் கழற்றச் சொல்கிறார். கிளாம்ப் இருந்த இடத்தில், பைப்பின் துத்தநாகப் பூச்சில், பிறைபோல ஒரு பள்ளம். விரல் வைத்தால் தெரிகிறது. போல்ட்டை உள்ளங்கையில் உருட்டுகிறார். மரையின் நடுவில் இடுப்பு மெலிந்திருக்கிறது. புது நட்டை விரலால் ஏற்றிப் பார்க்கிறார். மெலிந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது.

சிவப்பு வாளியில் போல்ட் விழுகிறது. அடியில் ஏற்கெனவே சில கிடக்கின்றன.

இளைஞன் கன்னைத் திருப்பிப் பார்க்கிறான். வேகத்துக்கு மூன்று நிலை. பொத்தான் மூன்றில் இருக்கிறது. ஒன்றுக்குத் தள்ளுகிறான். அடுத்த கிளாம்ப். கன் சுழல்கிறது. சத்தம் மாறும் முன் விரலை எடுக்கிறான். கன்னைத் தொங்கவிடுகிறான். பெயின்ட் உரியாத ஸ்பேனரை எடுக்கிறான். கால்களை அகட்டுகிறான். தோள் சாய்கிறது. நிறுத்துகிறான். சூப்பர்வைசர் டார்க் ரெஞ்சை வைக்கிறார். கிளிக்.

நாடாவுக்கு இந்தப் பக்கம், பெரியவர் ஸ்பேனரைக் கை மாற்றிப் பிடித்திருக்கிறார். இடது கை. இன்னும் மூன்று தட்டு இருக்கிறது.

5 மணி. ஏணியடியில் பச்சை அட்டை. தேதி, தாங்கும் எடை, கையெழுத்து. அடுத்த பரிசோதனை 7 நாளுக்குள். எதனால் இறுக்கியது என்பதற்கு அட்டையில் கட்டம் இல்லை. எந்தக் கை என்பதற்கும் இல்லை.

ஸ்டோரில் 14-ஆம் ஆணிக்கு ஸ்பேனர் திரும்புகிறது. டேப் ஈரமாக இருக்கிறது. பேட்டரி சார்ஜரில் உட்கார்கிறது. சிவப்பு விளக்கு. லாரியில் பெரியவரும் இளைஞனும் எதிரெதிரே. இருவரின் வலது கைகளும் மடியில், உள்ளங்கை மேலே பார்த்தபடி. லாரி கிளம்புகிறது.

இரவு ஷிப்ட். வெப்பக்காப்புப் பூச வந்த தொழிலாளி ஏணியடியில் நிற்கிறார். பச்சை அட்டையை டார்ச் அடித்துப் பார்க்கிறார். ஏறுகிறார். நட்டுகளைப் பார்க்கவில்லை. மேல்தட்டில் காலை வைக்கிறார். இரண்டாவது காலையும் வைக்கிறார். தண்ணீர் பாட்டிலைப் படுக்கைப் பைப்பில் மாட்டுகிறார். பாட்டில் ஒருமுறை ஆடி நிற்கிறது.

பலகைமேல் நடந்து தன் மூலைக்குப் போகிறார். தண்ணீரில் வளையம் இல்லை.